ராகிக் கொல்லைக்கு வழி காட்டியது யார்?

ஐயா, வணக்கம்.

எங்கள் கொல்லை தேன்கனிக்கோட்டை பக்கம், காட்டோரம். ராகி கதிர் முற்றுகிற சமயத்தில் ஜவளகிரி காட்டு வழியாக யானைகள் வந்துவிடும். பரண்மேல் ராக்காவல் இருக்கும்போது அப்பா சொல்வார், "அதுங்களுக்கு இது ரத்தத்துலயே இருக்கு" என்று. கல்லூரியில் படிக்கும் தங்கை ஒத்துக்கொள்ள மாட்டாள். "பெருசைப் பார்த்துத்தான் சிறுசு கத்துக்குது" என்பாள். யார் சொல்வது சரி?

வாசகர், தேன்கனிக்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

நான் உங்கள் தங்கை பக்கம். ஆனால் அப்பா சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

ராபர்ட் டிரையன் என்ற அமெரிக்க உளவியலாளர், புதிர்ப்பாதையில் சீக்கிரம் வழி கண்டுபிடித்த எலிகளைத் தனியாகவும் தடுமாறியவற்றைத் தனியாகவும் பல தலைமுறை இணைசேர்த்து வளர்த்தார். இரண்டு கூட்டமும் தெளிவாகப் பிரிந்துவிட்டதை 1940இல் வெளியிட்டார். அப்பாவுக்கு இது போதும். ஆனால் 1958இல் கூப்பர், ஜூபெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படிப் பிரித்த எலிகளின் குட்டிகளை வெறுங்கூண்டில் வளர்த்தார்கள். கெட்டிக்கார வம்சமும் மந்த வம்சமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தடுமாறின.

எனக்கு இன்னும் பிடித்தது குரங்குச் சோதனை. ஆய்வகத்திலேயே பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குக்குப் பாம்பைக் கண்டால் பயமில்லை. வேறொரு குரங்கு பாம்பைப் பார்த்து அலறுவதை வீடியோவில் காட்டினால் போதும், அதற்கும் பயம் வந்துவிடுகிறது. அதே அலறலைப் பூவைப் பார்த்து அலறுவதுபோல மாற்றிக் காட்டினார்கள். பூவுக்கு எந்தக் குரங்கும் பயப்படவில்லை! பாம்பின் பயம் பிறவியில் வரவில்லை. அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் வாகு மட்டும் பிறவியில் வந்திருக்கிறது.

சரி, யானைக்கு வருவோம். பிறந்த குட்டிக்குத் தன் தும்பிக்கையையே சரியாக ஆளத் தெரியாது, பழக மாதக்கணக்கில் ஆகும். தாயின் வாய்க்குள் தும்பிக்கையை விட்டுத்தான் எதைத் தின்பது என்று தெரிந்துகொள்கிறது. கென்யாவின் அம்போசெலியில், பயிர் மேயும் மூத்த ஆண்களோடு சுற்றும் இளம் ஆண்களே பயிருக்கு வருவது அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். யானையின் கூர்மையான ஞாபகம் ரத்தத்தில் வந்தது. உங்கள் கொல்லை எந்தப் பக்கம் என்பது பெரியவை காட்டிக்கொடுத்தது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1993இல் தான்சானியாவின் தாரங்கிரே தேசியப் பூங்காவில் மழையில்லாமல் கடும் பஞ்சம். வயது முதிர்ந்த பெண் யானைகள் இருந்த கூட்டங்கள் பூங்காவை விட்டு வெளியேறின, அவற்றின் குட்டிகள் அதிகம் பிழைத்தன. அந்தக் கிழவிகள் முந்தைய பஞ்சத்தைப் பார்த்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெரிய யானை ஒன்று செத்தால் அதற்குத் தெரிந்த வழியும் தண்ணீரும் அதோடு போய்விடுகின்றன. நம் மாரண்டஅள்ளி பக்கம் 2023 மார்ச்சில் மின்வேலியில் சிக்கி மூன்று பெரிய யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. செத்துக் கிடந்த உடல்களை விட்டுப் போகாமல் அவை அங்கேயே சுற்றி வந்தன. காவேரிக் காட்டுக்குத் திரும்பும் பாதையை அவற்றுக்கு இனி யார் காட்டுவார் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ராகி போன வீட்டின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். அதைச் சின்னதாக நினைக்கவில்லை. இந்த வருஷம் பரணில் இருக்கும்போது, கீழே இறங்காமல் ஒன்று மட்டும் பாருங்கள்: முதலில் கொல்லைக்குள் கால் வைப்பது எந்த யானை, சிறுசுகள் அதற்கு எவ்வளவு பின்னால் வருகின்றன? அப்பாவையும் தங்கையையும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.