போனால் வராத கதைகள்: கேம் பற்றிய வாசகர் கேள்வி பதில்

கேள்வி (உப்புவெளியிலிருந்து ஒரு மாணவர்): ஓ.எல் சோதனை முடியும்வரை கேம் பக்கம் போகக்கூடாது என்றார் அப்பா. நானும் போகவில்லை. சோதனை முடிந்து கென்ஷின் இம்பாக்டைத் திறந்தால், சில கிழமைக்கு மட்டும் திறந்திருக்கும் ஒரு கதை ஈவென்ட் வந்து, முடிந்து, போயே விட்டது. பரிசு கிடைக்காதது பரவாயில்லை, கதையையே எடுத்துவிடுகிறார்களே, இது நியாயமா?

பதில்: நியாயமில்லை தம்பி. பரிசுக்குக் காலக்கெடு வைக்கட்டும், நேரத்துக்கு வந்தவனுக்குக் கிடைக்கட்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதை அப்படியில்லை. நடுவில் நாலு பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் தந்தால் எப்படி வாசிப்பது? நீங்கள் விளையாடும் கேமில் ஏறக்குறைய 6 கிழமைக்கு ஒரு புதிய பதிப்பு வரும், அதற்குள் ஒரு ஈவென்ட் இருப்பது இரண்டு மூன்று கிழமைதான். 2021இல் ஒரு முழுத் தீவுக்கூட்டத்தையே திறந்து, அந்தப் பதிப்பு முடிந்ததும் மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் அதே தீவுகள் திரும்பி வந்தன, ஆனால் வேறு கதையோடு. முதல் வருடக் கதையை இனி கேமுக்குள் போய் விளையாட வழியில்லை.

கேம் வளர வளர அளவு பெருக்கும், பழையதை எல்லாம் வைத்துப் பராமரிக்க முடியாது என்று நிறுவனங்கள் சொல்லும். அது பொய்யில்லை. டெஸ்டினி 2 என்ற கேம் அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் 2020 நவம்பரில் தன் முதல் கதையையே எடுத்தது. ஆனால் அந்தக் கதை 2017இல் ஆட்கள் காசு கொடுத்து வாங்கியது! எனக்கு இன்றுவரை அது பொறுக்கவில்லை. மனம் இருந்தால் வழி இருக்கிறது என்பதற்கு கில்ட் வார்ஸ் 2 என்ற கேம் இருக்கிறது: 2013, 2014இல் ஒரேயொரு தடவை நடத்தி மூடிய கதையை, பிறகு வந்தவர்களுக்குத் தலையும் விளங்கவில்லை வாலும் விளங்கவில்லை என்பதால், 2022இல் நிரந்தரமாக விளையாடும்படி திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள். உங்கள் கேமைச் செய்த அதே நிறுவனம், 2023இல் வந்த ஹொன்காய் ஸ்டார் ரெயிலில், முடிந்துபோன பல ஈவென்ட்களைப் பிறகும் ஆறுதலாக விளையாட விட்டிருக்கிறது. அப்படியென்றால் எப்படிச் செய்வதென்று அவர்களுக்குத் தெரியும். கேமுக்குள்ளேயே கருத்துக்கணிப்பு வரும்போது இதை எழுதி அனுப்புங்கள். அதுவரை, தவறிய கதையை யாராவது முழுதாகப் பதிவு செய்து போட்ட வீடியோவில் பாருங்கள், அடுத்த கதை விளங்கும்.

கேள்வி (நிலாவெளியிலிருந்து ஒரு தாய்): மகன் ஃபோர்ட்நைட்டில் ஏதோ நிகழ்ச்சியாம், இரவு பதினொன்றரைக்கு விழித்திருக்க விடச் சொல்கிறான். நாளைக்குப் பார்த்தால் ஆகாதா?

பதில்: சில வேளைகளில் ஆகாது சகோதரி. 2019 அக்டோபர் 13ஆம் திகதி, நம்முடைய இலங்கை நேரத்தில் இரவு 11.30 மணிக்குத்தான், அந்தக் கேமின் முழு வரைபடத்தையும் ஒரு கருந்துளை விழுங்கியது. டச்பே பக்கம் ஒரு நண்பர் வீட்டில் ஆறு பேர் ஒரே திரையைச் சுற்றி இருந்தோம். அதன்பிறகு 15ஆம் திகதி வரை கேமைத் திறந்தால் அந்தக் கறுப்பு வட்டம் மட்டும்தான். கடற்கரையில் நின்றுகொண்டு வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், இப்போது நினைத்தாலும் சந்தோசமாக இருக்கிறது. கோயில் தேரைத் தவறவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம், அந்த இரவைத் தவறவிட்டவர்கள் தவறவிட்டதுதான்.

ஆனால் எல்லாம் அப்படியில்லை. 2020 ஏப்ரலில் டிராவிஸ் ஸ்காட்டின் இசை நிகழ்ச்சியை அதே கேமில் மூன்று நாளில் ஐந்து தடவை நடத்தினார்கள், அதில் ஒன்று நமக்கு மாலை 7.30க்கே வந்தது. முதல் காட்சியில் மட்டும் ஒரே நேரத்தில் 1 கோடி 23 இலட்சம் பேர். ஆகவே மகனிடம் கேளுங்கள், இது ஒரு தடவையா, திரும்ப நடக்குமா என்று. ஒரு தடவைதான் என்றால் பார்க்க விடுங்கள், முடிந்தால் பக்கத்தில் இருந்து நீங்களும் பாருங்கள். திரும்ப நடக்கும் என்றால் நித்திரைதான் முதல். அப்புறம், கதையோடு சேர்த்து, "இன்னும் 2 நாள்தான்" என்று கடிகாரம் ஓடவிட்டு உடுப்பும் ஆயுதமும் விற்பார்கள். அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அது இல்லாமலே கதை முழுதும் பார்க்கலாம்.

கேள்வி (மூதூர் வாசகர்): கென்ஷினில் ஒரு ஈவென்ட் 15ஆம் திகதி முடியும் என்று போட்டிருந்தது, அன்று பின்னேரம் போனால் இல்லை. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை, நேரக் கணக்குத்தான். ஆசியா சேர்வரின் (இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கேமை நடத்தும் கணினியின்) நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. ஈவென்ட்கள் பெரும்பாலும் அங்கே விடியற்காலை 4 மணியோடு முடியும், அதாவது நமக்கு இரவு 1.30. ஆக 15 என்று போட்டிருந்தால் உங்களுக்குக் கடைசி நாள் 14தான். அதையும் கடைசி இரவுக்கு வைக்காமல் இரண்டு நாள் முந்தியே முடித்துவிடுங்கள், மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும்.