அப்பா அம்மா இருவருக்கும் ரத்தக்கொதிப்பு இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வருமா? மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா?

கட்டாயம் இல்லை. ஆனால் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். என் பெற்றோர் இருவரும் நாற்பது வயதிலேயே பிரஷர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தவர்கள். 33 வயதில் நான் வேறு எதற்கோ மருத்துவரிடம் போனபோது 150/96 என்று காட்டியது. தலைவலி, கிறுகிறுப்பு எதுவுமே இல்லை. அதைத்தான் என்னால் நம்பவே முடியவில்லை.

ஆளுக்கு ஆள் ரத்த அழுத்தம் மாறுவதில் சுமார் 30 முதல் 50 சதவீதம் பரம்பரையால் என்கிறார்கள். ‘எனக்கு வர 50 சதவீத வாய்ப்பு’ என்று இதைப் படித்துவிடாதீர்கள். மக்கள் கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டின் கணக்கு அது. தனி ஆளுக்கான ஜாதகம் அல்ல.

1950களில் இதைப் பற்றி இங்கிலாந்தில் பெரிய வாதமே நடந்தது. ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்றார் மருத்துவர் ராபர்ட் பிளாட். உயரத்தைப் போல, பல சின்னக் காரணங்கள் சேர்ந்து ஏற்றி இறக்குகின்றன என்றார் இன்னொரு மருத்துவர் ஜார்ஜ் பிக்கரிங். பிக்கரிங் சொன்னதுதான் நின்றது. 2018இல் பத்து லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்த ஓர் ஆய்வில் மட்டும் ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள 535 மரபணு இடங்கள் புதிதாகக் கிடைத்தன. பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி அளவுக்குக்கூட அழுத்தத்தை நகர்த்துவதில்லை.

ஒற்றை மரபணுவால் வரும் வகைகளும் உண்டு, அபூர்வமாக. அவற்றில் பெரும்பாலானவை சிறுநீரகம் உப்பைக் கையாளும் விதத்தில்தான் கை வைக்கின்றன. அவற்றில் ஒன்றான லிடில் நோய்க்குறியில், சிறுநீரகக் குழாயில் உப்பின் சோடியத்தை உள்ளே விடும் வாயில்கள் அளவுக்கு மீறித் தேங்கிவிடுகின்றன. வெளியே போக வேண்டிய உப்பு திரும்ப ரத்தத்துக்கு வருகிறது, கூடவே தண்ணீரும். சிறு வயதிலேயே அழுத்தம் ஏறும், பொட்டாசியம் பெரும்பாலும் குறையும். இவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் என்ற பிரஷர் மாத்திரை பலன் தராது. அமிலோரைடு என்ற மாத்திரை அந்த வாயிலையே அடைப்பதால் கேட்கும். மரபணு தெரிந்தால் மருந்தே மாறும் இடம் இது.

அதனால் மிகச் சிறு வயதில் வந்தாலோ, பொட்டாசியம் குறைந்திருந்தாலோ, மூன்று மாத்திரைக்கும் அடங்காவிட்டாலோ, குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மூளை ரத்தக்கசிவு வந்திருந்தாலோ மருத்துவரிடம் கேளுங்கள். முதலில் ரெனின், ஆல்டோஸ்டீரோன் (உடலில் உப்பையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்துபவை) அளவுக்கான ரத்தப் பரிசோதனைதான் எழுதுவார். எனக்குப் பொட்டாசியம் சரியாக இருந்தது, ஒரே மாத்திரையில் அடங்கியது. மரபணுச் சோதனை தேவைப்படவில்லை. எச்சிலை அனுப்பி மரபணு ஆபத்துக்கு மதிப்பெண் வாங்கும் சோதனைக்கு நீங்களும் செலவழிக்க வேண்டாம் என்பேன். மதிப்பெண் எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உப்பைக் குறைப்பது, எடையைக் கட்டுக்குள் வைப்பது, நடப்பது. மரபணு ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கும் இவை அழுத்தத்தைக் குறைக்கின்றன.

சரி, இன்றே செய்யக்கூடிய ஒன்று. அப்பா அம்மாவுக்கு எந்த வயதில் ஆரம்பித்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். 55 வயதுக்கு முன்பே வந்திருந்தால் பரம்பரையின் பங்கு கனமானது. அப்புறம் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு அளந்து பாருங்கள். வீட்டில் 135/85 தாண்டி அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உடன்பிறந்தவர்களையும் அளக்கச் சொல்லுங்கள். என் தங்கைக்கு அப்படித்தான் 29 வயதில் தெரிந்தது.