ஸ்டிக்கர் ஒட்டினது போல் இல்லாமல் டாட்டூ வரைவது எப்படி? – கேள்வி பதில்

டிஜிட்டல் மனித உருவங்களின் தோலில் டாட்டூ போடுவது பற்றி நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, என் கேரக்டர் புஜத்தில் போட்ட தேள் டாட்டூ ஸ்டிக்கர் ஒட்டின மாதிரியே இருக்கு. மல்டிப்ளையும் போட்டுப் பார்த்துட்டேன். – பாளையங்கோட்டை

தம்பி, மல்டிப்ளை, அதாவது மை நிறத்தைத் தோல் நிறத்தோடு பெருக்கிக் கலக்கும் முறை, சரியான தொடக்கம்தான். ஆனால் மை இருக்கும் இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி மேல்தோலைத் தாண்டி, 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் டெர்மிஸ் அடுக்கில் மையை விடுகிறது. நாம் பார்ப்பது மேல்தோல் வழியாகத் தெரியும் மை. அதனால் டாட்டூ உள்ள இடத்திலும் தோலின் நுண்துளை, முடி, வியர்வைப் பளபளப்பு எல்லாம் பக்கத்துத் தோலில் இருப்பது போலவே இருக்கும்.

டாட்டூவை பேஸ் கலர் மேப்பில், அதாவது தோலின் நிறத்தை மட்டும் வைத்திருக்கும் படத்தில், மட்டும் போடுங்கள். பளபளப்பைத் தீர்மானிக்கும் ரஃப்னஸ், மேடுபள்ளத்தைக் காட்டும் நார்மல், பம்ப் மூன்றையும் தொடாதீர்கள். த்ரீ-டி உருவத்தின் மேல் வரையும் மென்பொருளான சப்ஸ்டன்ஸ் பெயின்டரில் புதிதாக ஒரு ஃபில் லேயர் வைத்தால் எல்லா சேனலும் தானாகவே ஆன் ஆகியிருக்கும். கலரை மட்டும் விட்டு மற்றதை அணைத்துவிடுங்கள். ஸ்டிக்கர் தோற்றத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அப்புறம், முழுக் கறுப்பை மல்டிப்ளை பண்ணினால் எந்தத் தோலிலும் முழுக் கறுப்புத்தான் வரும். மையை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) 40, 45, 50 அளவுக்கு ஏற்றி, ஒபாசிட்டியை 80 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். 4கே மேப்பில் (பக்கத்துக்கு 4,096 பிக்சல் உள்ள படம்) ஒரு பிக்சல் அளவுக்கு விளிம்பை மழுக்குங்கள். நேற்றுக் குத்திய டாட்டூ என்று கதை சொன்னால் மட்டும் விதிவிலக்கு: அது சிவந்து லேசாக வீங்கியிருக்கும், அங்கே பம்ப் தேவைப்படும்.

கிராமத்து ஆச்சி ஒருவரை மாடல் செய்கிறேன். முன்கையில் பச்சை குத்தியிருக்க வேண்டும். கறுப்பில் போட்டால் கடையில் குத்திய டாட்டூ போல இருக்கிறது. பச்சை நிறத்தில் போட்டால் பெயின்ட் மாதிரி இருக்கிறது. – முக்கூடல்

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நம் ஊரில் திண்ணையில் பீடி சுற்றும் வயதான ஆச்சிகளின் கைகளில் இன்றும் இதைப் பார்க்கலாம். முன்கையில் புள்ளிக்கோலம், மணிக்கட்டுப் பக்கம் தேள், சிலருக்குப் பெயர். ஊர் ஊராக வந்த குறத்திகள் விளக்குக் கரியைக் குழைத்து, கையால் ஊசி பிடித்துக் குத்தியது. அதனால் கோடு என்று நாம் பார்ப்பது நெருக்கமான புள்ளி வரிசை. ஒரு புள்ளி ஆழமாக இறங்கியிருக்கும், அடுத்தது மேலோட்டமாக நின்றிருக்கும். பிரஷ்ஷில் ஸ்பேசிங்கை (புள்ளிகளின் இடைவெளியை) 70 சதவீதம் வைத்து, அளவு, ஒபாசிட்டி இரண்டுக்கும் ஜிட்டர் (தாறுமாறான ஏற்ற இறக்கம்) கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

நிறத்துக்கு வருவோம். கரி கறுப்புத்தான். சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாகப் போய்க் கரியில் உறிஞ்சப்படுகிறது. நீல ஒளி மேலாகவே சிதறித் திரும்பிவிடுகிறது. அதனால்தான் அது நீலமாகவோ பச்சையாகவோ படுகிறது. மாநிறக் கையில் குத்திய பச்சையைப் போட்டோவில் ஐடிராப்பர் (நிறத்தைத் தொட்டு எடுக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சாம்பல் நிறமே வரும். சுற்றியிருக்கும் செம்பழுப்புத்தான் அதைப் பச்சையாகக் காட்டுகிறது. தோல் 120, 80, 58 என்றால் மை 72, 68, 62 பக்கம் இருந்தால் போதும். பச்சையைத் தனியாகச் சேர்த்ததால்தான் உங்களுக்குப் பெயின்ட் மாதிரி ஆனது. வயல் வெயிலில் கறுத்த வெளிக்கையில் இன்னும் மங்கலாகவும், உட்கையில் தெளிவாகவும் வையுங்கள்.

காலப்போக்கில் மை துகள் துகளாக நகர்கிறது. அதனால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் சில இடங்களில் ஒன்றாகி, கோலத்தின் உள்மூலைகள் அடைபட்டிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிளர் வேண்டாம். மாஸ்க்கில் நாய்ஸ் வைத்து ஏற்ற இறக்கம் கொடுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அந்த ஆச்சிக்குக் குத்தியபோது அவர் சிறு பெண். கோலம் அன்றைக்கு இறுக்கமான தோலில் நேராக இருந்தது; பிறகு தோல் தளர்ந்து, கோலமும் கூடவே சரிந்தது. எனவே சுருக்கம் இல்லாத இளம் உருவத்தில் வரைந்துவிட்டு, முதுமை மார்ஃபை (உருவத்தை வயதானதாக மாற்றும் வடிவ மாற்றத்தை) அதன் பிறகு ஏற்றுங்கள். யூவி (உருவத்தின் ஒவ்வொரு புள்ளியும் தட்டையான படத்தில் எங்கே விழும் என்ற கணக்கு) மாறாததால் டெக்ஸ்ச்சர் தானாகத் தொய்யும். முதிய கையின் மேல் நேராக ப்ரொஜெக்ட் பண்ணினால் கோலம் நேற்றுப் போட்டது போலத் தெரியும்.

நெஞ்சிலிருந்து தோள் வரை சுடலைமாடன் படம். தோளில் ஒரு கோட்டோடு படம் வெட்டுப்படுகிறது. – வள்ளியூர்

உடல் ஒரு டைலிலும் (தனி டெக்ஸ்ச்சர் படத்திலும்) கை இன்னொன்றிலும் இருப்பதால் வரும் சீம், அதாவது இணைப்புக் கோடு அது. தட்டையான படத்தில் ஒட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், த்ரீ-டியிலேயே ப்ரொஜெக்ட் பண்ணுங்கள். டீ-போஸில் (கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் நிலையில்) தோள் மேலே இழுபட்டிருக்கும். கையைத் தொங்கவிட்ட பிரதி ஒன்றை எடுத்து அதில் வரையுங்கள். யூவி ஒன்றுதான் என்பதால் மூல உருவத்துக்கும் அப்படியே பொருந்தும். நிஜ டாட்டூக்காரரும் ஸ்டென்சில் ஒட்டும்போது கையை இயல்பாக விடச் சொல்வார்.

பிளெண்டர் என்ற த்ரீ-டி மென்பொருளில் ரெண்டர் பண்ணினால் கோடுகளைச் சுற்றிச் சிவப்பாகக் கசிகிறது. – அம்பாசமுத்திரம்

சப்சர்ஃபேஸ், அதாவது தோலுக்குள் ஒளி பரவும் விளைவின் அளவு அதிகம். தோலுக்குள் சிவப்பு ஒளிதான் அதிக தூரம் பரவும். உருவத்தின் உயரம் நிஜ அளவில், 1.6 மீட்டர் போல இருக்கிறதா, ஸ்கேல் அப்ளை ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சப்சர்ஃபேஸ் ஸ்கேலைச் சில மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். 4.0-க்கு முந்தைய பிளெண்டர் என்றால் சப்சர்ஃபேஸ் கலர் தனியாக இருக்கும். டாட்டூ கலந்த கலரை அதிலும் இணைக்காவிட்டால் மை வெளுத்துப் போகும்.

நண்பர் கையில் உள்ள டாட்டூவைப் போட்டோ எடுத்து அப்படியே பயன்படுத்தலாமா? – தென்காசி

சொந்தப் பயிற்சிக்குத் தாராளமாக. விற்கப் போகிறீர்கள் என்றால் நண்பரிடம் மட்டும் கேட்டால் போதாது, வரைந்தவரிடமும் கேளுங்கள். அமெரிக்காவில் ஒரு கூடைப்பந்து கேமில் வீரர்களின் டாட்டூக்களைக் காட்டிய வழக்கில் 2020-ல் நியூயார்க் நீதிமன்றம் கேம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மல்யுத்த வீரர் ராண்டி ஆர்ட்டனின் டாட்டூக்களைக் கேமில் வைத்த வழக்கில் 2022-ல் ஜூரி டாட்டூக் கலைஞரின் பக்கம் நின்றது. இரண்டு பக்கமும் தீர்ப்பு வந்திருக்கும்போது, வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிய ஒரு சம்மதம் கையில் இருப்பது நல்லது.

8கே மேப் கட்டாயமா? – சங்கரன்கோவில்

இல்லை. தோளிலிருந்து விரல்நுனி வரை 70 சென்டிமீட்டர்; 4கே மேப்பில் அது 3,500 பிக்சல் பிடித்தால் ஒரு பிக்சல் 0.2 மில்லிமீட்டர். மெல்லிய டாட்டூக் கோட்டுக்கு இரண்டு பிக்சல் கிடைக்கிறது, இடுப்பளவு ஷாட்டுக்கு அது தாராளம். முன்கையில் உள்ள எழுத்தைத் திரை நிறையக் காட்டுவதாக இருந்தால் கை மேப்பை மட்டும் 8கே ஆக்குங்கள்.