ஒரு காது மட்டும் திடீர்னு கேக்கலன்னா சொட்டு மருந்தோட நிக்காதீங்க

காசிமேட்டுலருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. வீட்டுக்காரருக்கு 46 வயசு, 20 வருஷமா விசைப்படகுல இன்ஜின் பக்கத்துலயே வேலை, சுகரும் இருக்கு. ஆறு நாள் முன்னாடி காலையில எழுந்தா இடது காது அடைச்ச மாதிரி, உள்ள ஒரே இரைச்சல், அன்னைக்கு பூரா தலைசுத்தல். மெடிக்கல்ல அழுக்குன்னு சொல்லி சொட்டு மருந்து குடுத்துருக்காங்க, ஒண்ணும் சரியாகல. இன்ஜின் சத்தத்தால வந்ததா, என்ன டெஸ்ட் எடுக்கணும்னு கேக்குறாங்க.

அம்மா, முதல்ல நாளைக்கே கூட்டிட்டு போங்க. மூணு நாளுக்குள்ள ஒரு காது திடீர்னு மந்தமாகி, அது அழுக்கும் இல்லைன்னா, உள்காதோ நரம்போ அடிபட்டுருக்குன்னு தான் நினைக்கணும், அதுக்கு ஸ்டீராய்டு ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சா தான் பலன் அதிகம், உங்களுக்கு ஏற்கனவே ஆறு நாள் போயிடுச்சு. ஒரு மாசம் சொட்டு மருந்து விட்டுட்டு வர்றவங்களை பாத்தா எனக்கு மனசே ஆறாது.

இன்ஜின் சத்தம் இப்படி ஒரே ராத்திரியில பண்ணாது. அது வருஷக்கணக்குல ரெண்டு காதையும் மெதுவா அரிக்கும், ஆடியோகிராம்ல, அதாவது எந்த சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு காட்டுற கோட்டுப் படத்துல, 4000 ஹெர்ட்ஸ் கிட்ட பள்ளமா தெரியும். அவருக்கு அதுவும் இருக்கலாம், ஆனா இது வேற.

வீட்டுல ஒண்ணு பாருங்க. வாயை மூடிட்டு "ம்ம்ம்"னு இழுக்க சொல்லுங்க. சத்தம் கேக்காத காதுல தூக்கலா இருந்தா அழுக்கு, சளி, செவிப்பறை மாதிரி விஷயமா இருக்கலாம், நல்ல காதுக்கு போச்சுன்னா உள்காது மேல தான் சந்தேகம். டாக்டர் 512 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கை நெத்தியில வச்சு பாக்குறதும் இதே தான். எப்படி வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு போயே ஆகணும்.

முக்கியமான டெஸ்ட் பியூர் டோன் ஆடியோமெட்ரி. சத்தம் புகாத ரூம்ல ஹெட்ஃபோன் மாட்டி, 'பீப்' கேட்டா பட்டன் அழுத்தணும், அப்புறம் காதுக்கு பின்னாடி எலும்புல ஒரு சின்ன வைப்ரேட்டர் வச்சு திரும்ப பண்ணுவாங்க. ஹெட்ஃபோன்ல கேட்டது காத்து வழி, வைப்ரேட்டர்ல கேட்டது எலும்பு வழி; ரெண்டு கோடும் சேர்ந்தே இறங்கியிருந்தா உள்காது அல்லது நரம்பு பிரச்சனை. காத்து வழி மட்டும் இறங்கினா நடுக்காது. அவருக்கு ஒரு காது நல்லா இருக்குறதால, நல்ல காதுல இரைச்சல் விட்டு மாஸ்கிங் பண்ணாங்களான்னு கண்டிப்பா கேளுங்க, இல்லைன்னா எலும்பு வழியா போற சத்தத்தை அந்த காது வாங்கிட்டு, ரிப்போர்ட்ல நடுக்காது பிரச்சனை மாதிரி தப்பா வந்துடும். கூடவே செவிப்பறை, நடுக்காது எப்படி இருக்குன்னு காத்தழுத்தம் வச்சு பாக்குற டிம்பனோமெட்ரியும் எடுப்பாங்க.

தலைசுத்தல்னாலே சிலர் மெனியர்ஸ்னு நினைப்பாங்க. அந்த உள்காது நோய்ல 20 நிமிஷத்துலருந்து 12 மணி நேரம் வரை சுத்தல் வந்து வந்து போகும், காதும் ஏறி இறங்கும், ஒரு தடவை சுத்துனதை வச்சு அந்த பேரை வைக்க முடியாது. ஆனா காது நரம்புல கட்டி இருக்கான்னு காண்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ எடுத்து பாத்துடணும், சாதா சிடி போதாது. அதுக்காக மருந்தை தள்ளிப்போட வேண்டியதில்ல.

சுகரை மறைக்காதீங்க. ஸ்டீராய்டு மாத்திரையில சுகர் ஏறும், வேணும்னா செவிப்பறை வழியா ஊசியா போடுவாங்க. முன்னாடி டிபிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டிருந்தா அதையும் சொல்லுங்க, அதுவும் உள்காதை பாதிக்கலாம். வாய் கோணல், பேச்சு குழறல், கை கால் மரத்துப்போறது இருந்தா இப்பவே எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

உங்களுக்கு பக்கம் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி, பழைய ஜெயில் ரோட்டுல. காலையிலயே ஈஎன்டி ஓபிக்கு போயிடுங்க. அங்க வெறுமனே "காது அடைப்பு"ன்னு சொல்லாம, "ஆறு நாள் முன்னாடி திடீர்னு ஒரு காது போயிடுச்சு, இன்னைக்கே ஆடியோகிராம் வேணும்"னு சொல்லுங்க.