கார்னர் கொடியிலிருந்து ஒரு பட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டென்மார்க்கின் மிட்யூலாண்ட் அணி 2015 இல் முதன்முறையாக லீக் பட்டம் வென்றதைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சில ஐயங்கள். ‘கணினி வாங்கிக் கொடுத்த பட்டம்’ என்று அதைச் சொல்கிறார்களே, எவ்வளவு தூரம் உண்மை? கார்னரிலும் த்ரோ-இன்னிலும் கோல் அடித்துப் பட்டம் வாங்குவது கொல்லைப்புற வழி இல்லையா? அதை எப்படித்தான் செய்கிறார்கள்? கடைசியாக, பந்தயக் கணக்கில் பணம் சேர்த்த ஒருவர் விலைக்கு வாங்கிய கிளப்பை எளிய அணி என்று எப்படிச் சொல்வது? 2000 இல் வென்ற ஹெர்ஃபோல்கேதானே அந்தப் பெயருக்குப் பொருத்தம்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

முதலில் தேதிகளைப் பார்த்துவிடலாம். நீங்கள் சொல்லும் பந்தயக் கணக்குக்காரர் மாத்யூ பென்ஹாம். அவர் மிட்யூலாண்டின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது 2014 ஜூலையில். பட்டம் வந்தது 2015 மே மாதம். பத்து மாதத்தில் யாரும் ஓர் அணியைக் கட்டிவிட முடியாது. அவர் வருவதற்கு முந்தைய பருவத்திலேயே அணி மூன்றாம் இடத்தில் இருந்தது. 2007 லும் 2008 லும் இரண்டாம் இடம். கோப்பை இறுதி ஆட்டங்களில் தோற்றதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘எப்போதும் மாப்பிள்ளைத் தோழன்’ என்ற நிலைமைதான்.

ஹெர்னிங், இகாஸ்ட் இரண்டும் டென்மார்க்கின் யூட்லாண்ட் தீபகற்பத்தின் நடுவே பக்கத்துப் பக்கத்து ஊர்கள். துணி நெய்தும் தைத்தும் பிழைத்தவை. இரண்டுக்கும் தனித்தனி கிளப், நடுவில் தீராத பகை. 1999 இல் இரண்டையும் இணைத்து உருவானதுதான் எஃப்சி மிட்யூலாண்ட். அடுத்த ஆண்டே முதல் பிரிவு லீகுக்கு ஏறியது. 2004 இல் சொந்தமாகக் கால்பந்துப் பள்ளி தொடங்கினார்கள். சிமோன் கேர் அதன் ஆரம்பகால மாணவர், 2008 இல் இத்தாலியின் பலேர்மோவுக்கு விற்கப்பட்டார். பட்டம் வென்ற அணியின் எரிக் ஸ்வியாசென்கோவும் பியோனே சிஸ்டோவும் உள்ளே வளர்ந்த பிள்ளைகள். இந்த அடித்தளத்தின் மீதுதான் பென்ஹாமின் கணக்கு வந்து உட்கார்ந்தது. வெறும் தரையில் அது எதையும் விளைவித்திருக்காது என்பது என் கருத்து.

அந்தக் கணக்கு என்ன? கோல் என்பது அரிதான நிகழ்ச்சி, அதனால் ஆட்ட முடிவு அணியின் தரத்தைச் சரியாகக் காட்டாது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அது கோலாகும் வாய்ப்பை ஓர் எண்ணாகக் கொடுத்துக் கூட்டினால் இன்னும் சரியான படம் கிடைக்கும். இதைத்தான் எக்ஸ்ஜி (எக்ஸ்பெக்டட் கோல்ஸ், எதிர்பார்க்கும் கோல்) என்கிறார்கள். ஓர் அணி 12 ஷாட் அடிக்கிறது, ஒவ்வொன்றும் கோலாக நூற்றுக்கு 8 வாய்ப்பு என்று வையுங்கள். கூட்டினால் ஏறத்தாழ ஒரு கோல். ஆனால் அப்படிப்பட்ட 100 ஆட்டங்களில் 37 இல் அந்த அணி ஒரு கோல்கூட அடித்திருக்காது. 0.92 ஐ 12 முறை பெருக்கிப் பாருங்கள், தெரியும். பந்தய நிறுவனங்களின் தொழிலே இந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. கிளப்பின் தலைவராக வந்த ராஸ்மஸ் ஆங்கர்சன் உண்மையான புள்ளிப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துக்கொண்டார். அணிகள் ஆடிய தரத்தின்படி நியாயமாக யார் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டும் ‘நியாய அட்டவணை’.

ஆள் எடுப்பதிலும் அதே கணக்கு. டிம் ஸ்பார்வ் பின்லாந்துக்காரர், ஜெர்மனியின் இரண்டாம் பிரிவில் க்ராய்தர் ஃப்யூர்ட் அணியின் நடுக்கள வீரர். 2013-14 இல் அந்த அணி மூன்றாம் இடம் பிடித்தும், பிளே-ஆஃபில் ஹாம்பர்க்கிடம், எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்கு முன்னுரிமை தரும் விதியால், மேல் பிரிவைத் தவறவிட்டது. இரண்டாம் பிரிவு அணி என்ற முத்திரையால் சந்தையில் அதன் வீரர்களுக்கு விலை குறைவு. பென்ஹாமின் கணக்கு அந்த அணியை அதைவிட உயரத்தில் வைத்தது. ஸ்பார்வ் வேகமானவர் இல்லை, கோலும் பெரிதாக அடிப்பவர் இல்லை. ஆபத்து வரும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பவர். அப்படிப்பட்ட ஆளைத் தொலைக்காட்சியில் பார்த்து வாங்க மாட்டார்கள். ஆட்டத்தின் இடைவேளையில்கூட பென்ஹாமின் லண்டன் நிறுவனத்திலிருந்து பயிற்சியாளர் குழுவின் கைப்பேசிக்கு எண்கள் வரும். அவற்றை வைத்து என்ன பேசுவது, யாரை மாற்றுவது என்பது தலைமைப் பயிற்சியாளர் க்ளென் ரிடர்ஸ்ஹோமின் முடிவு. எண்கள் மாற்று வீரரைக் களத்தில் இறக்காது.

இப்போது கார்னருக்கு வருகிறேன். கேள்வியில் ருசியான பகுதி இதுதான்.

பொதுவாக 100 கார்னரில் மூன்று சொச்சம்தான் கோலாகும். ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு ஆறு கார்னர் என்றால், அப்போதைய டென்மார்க் லீகின் 33 ஆட்டங்களில் 198 கார்னர், ஆறு கோல். பயிற்சியால் இதை 100க்கு ஆறாக ஆக்கினால் இன்னும் ஆறு கோல் கூடும். கோல் வித்தியாசத்தில் மூன்று கூடினால் பருவ முடிவில் ஏறத்தாழ இரண்டு புள்ளி கூடும் என்பது லீக் கணக்கில் புழங்கும் கைக்கணக்கு. அதன்படி ஆறு கோல், நாலு புள்ளி. அந்த ஆண்டு மிட்யூலாண்ட் 71 புள்ளி, இரண்டாம் இடம் வந்த எஃப்சி கோபன்ஹேகன் 67. இது நிரூபணம் ஆகாது, அளவு புரிவதற்காகச் சொல்கிறேன். மிட்யூலாண்ட் அடித்த 64 கோல்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் நின்ற பந்திலிருந்து, அதாவது கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ-இன் என்று ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும் பந்திலிருந்து வந்தவை.

இதே ஆறு கோலைச் சந்தையில் வாங்கப் போனால் ஒரு நல்ல ஸ்ட்ரைக்கரின் விலை கொடுக்க வேண்டும். கார்னருக்குத் தேவை ஒரு பந்து, ஓர் அறை, வாரத்தில் சில மணி நேரம், நச்சரிப்பைத் தாங்கும் வீரர்கள். மிட்யூலாண்ட் இதற்கென்றே ஓர் அறை ஒதுக்கிப் பயிற்சியாளர்களை உட்கார வைத்து யோசிக்க விட்டது. பந்தை உதைப்பதற்கு மட்டும் தனிப் பயிற்சியாளர் வைத்தது.

செய்முறை கேட்டீர்கள். இடப்பக்கக் கார்னர், வலக்கால் வீரர் உதைக்கிறார் என்று கொள்ளுங்கள். பந்து கோலை நோக்கி உள்ளே வளையும். 68 மீட்டர் அகல மைதானத்தில் கொடியிலிருந்து அருகிலுள்ள கம்பம் 30 மீட்டர் சொச்சம். நன்றாக உதைத்த பந்துக்கு அந்தத் தூரம் ஒன்றரை வினாடி. ஓடி வருபவர் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை இந்த ஒன்றரை வினாடிதான் தீர்மானிக்கிறது. பெனால்டி புள்ளிக்குப் பின்னால் நாலைந்து பேர் நெருக்கமாக ஒரே கொத்தாக நிற்பார்கள். உதைப்பவர் கையை உயர்த்துவது ‘எந்தத் திட்டம்’ என்பதற்கான குறி. கிளம்புவதற்கான குறி வேறு: அவருடைய கடைசி இரண்டு அடி. அதற்கு முன்னால் கிளம்பியவர் கோல் வாயிலில் போய் நின்றுகொண்டு பந்துக்குக் காத்திருப்பார். நின்ற இடத்தில் எழும்புபவரைவிட ஓடிவந்து எழும்புபவர் உயரம் போவார் என்பதுதான் மொத்த வித்தையின் அடிப்படை. முன்பே போய் நின்றவருக்கு அந்த உயரம் போயிற்று.

கொத்து உடையும்போது ஒருவர் அருகிலுள்ள கம்பத்துக்கு முன்னால் ஓடுகிறார், பந்தைத் தலையால் லேசாக உரசிப் பின்னால் தள்ள. ஒருவர் கோலுக்கு முன்னால் உள்ள 5.5 மீட்டர் கோட்டின் நடுவுக்கு, ஒருவர் தூரக் கம்பத்துக்கு. இன்னொருவரின் வேலை பந்தைத் தொடுவதே இல்லை. எதிரணியில் தலையாட்டத்தில் வல்லவர் யாரோ, அவர் போகும் வழியில் முன்கூட்டியே போய் நிற்பது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தன் இடத்தில் நிற்பதற்கு யாருக்கும் உரிமை உண்டு. குறுக்கே நகர்ந்து மறித்தால், கையால் பிடித்தால் ஃபவுல். ஆகவே மறிப்பவர் பந்து கிளம்புமுன் போய் நின்றிருக்க வேண்டும். கோல்கீப்பருக்கு முன்னால் நிற்பவருக்கும் இதே விதி.

கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டியின் விளிம்பில் இருவர் நிற்பார்கள், தட்டி வெளியே வரும் பந்துக்கு. பல கார்னர் கோல்கள் இந்த இரண்டாவது பந்தில்தான் பிறக்கின்றன. நடுக்கோட்டுக்கு அருகே வேகமான இருவர், எதிரணி பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடாமல் இருக்க. இவர்களை மறந்து எல்லாரையும் பெட்டிக்குள் அனுப்பி, தங்கள் கார்னரிலிருந்தே எதிரணியிடம் கோல் வாங்கும் அணிகளை வாரந்தோறும் பார்க்கலாம்.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் அற்பமானவை. முதல் காரணம், பந்து முதல் தடுப்பாளரின் தலையைத் தாண்டாதது. எத்தனை அழகான திட்டமும் அதோடு சரி. அதனால்தான் உதைப்பவருக்குத் தனிப் பயிற்சி: ஆளில்லாத பெட்டியில் 5.5 மீட்டர் கோட்டில் நாலு மீட்டர் அகலத்துக்குக் குறி வைத்து, 30 பந்து, எத்தனை விழுகிறது என்று எண்ணுவது. இரண்டாவது, திட்டங்கள் அதிகமாவது. நாலு திட்டத்துக்கு மேல் போனால் ஒருவர் இரண்டாவதையும் மற்றவர் மூன்றாவதையும் ஆடுவார்கள். எல்லாத் திட்டமும் ஒரே நிற்கும் முறையிலிருந்து தொடங்கினால் எதிரணியின் வீடியோக்காரர் குழம்புவார், உங்கள் ஆள் குழம்ப மாட்டார். மூன்றாவது, ஆஃப்சைடு: சக வீரர் பந்தை உதைக்கும்போது எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் பந்தையும் தாண்டி நிற்கும் தவறு. கார்னரிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். கார்னரைக் குட்டையாகத் தட்டிக் கொடுத்தால் அந்தச் சலுகை அங்கேயே முடிந்துவிடும் என்பது மறந்துபோகும். உதைத்தவர் கொடிக்குப் பக்கத்திலேயே நிற்க, எதிரணி ஒரே அடியில் வெளியே ஏற, பந்து அவருக்கே திரும்பி வரும்போது உதவி நடுவரின் கொடி மேலே போகும்.

த்ரோ-இன்னிலும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு இல்லை. ஆட்டத்தில் கார்னரைவிடப் பல மடங்கு அதிகம் வருவதும் அதுதான். தாமஸ் க்ரோனமார்க் என்ற டென்மார்க்காரர் மிட்யூலாண்ட் வீரர்களுக்கு எறியச் சொல்லிக்கொடுத்தவர். நீளம், வேகம், சாமர்த்தியம் என்று மூன்றாகப் பிரித்துக் கற்பிப்பார். 2018 இல் லிவர்பூல் அவரை அழைத்துக்கொண்டபோது இங்கிலாந்தில் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் அடங்கியது.

கொல்லைப்புற வழியா என்றால், இல்லை. கார்னர் சும்மா கிடைப்பதில்லை. எதிரணியின் பெட்டிக்கருகே பந்தைக் கொண்டுபோகிறவனுக்குத்தான் கிடைக்கிறது. மேலும் இந்த அணி ஓடும் பந்திலும் ஆடியது. உகாண்டாவில் பிறந்து டென்மார்க்கில் வளர்ந்த சிஸ்டோ இடப்பக்கமிருந்து உள்ளே வெட்டி வரும் ஓட்டத்தை எந்த அறையிலும் வரைந்து வைக்க முடியாது. ஜனவரியில் எஸ்பியர்கிலிருந்து வாங்கிய மார்ட்டின் பூஷிச் இரண்டு அணிகளுக்குமாகச் சேர்த்து 17 கோல் அடித்து லீகில் அதிகக் கோல் அடித்தவர் ஆனார். ஆனால் உங்கள் சலிப்பில் ஒரு பங்கு எனக்கும் உண்டு. எல்லா அணியும் இதையே செய்யத் தொடங்கினால் பெட்டிக்குள் பத்துப் பேர் தள்ளுமுள்ளு செய்வதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இன்றைய பெரிய லீகுகளில் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகிவிட்டது.

கண்டுபிடிப்பின் ஆயுளும் குறைவு. பட்டம் வென்ற அடுத்த மாதமே ரிடர்ஸ்ஹோம் விலகினார், ஜெஸ் தோரூப் வந்தார். 2016 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டை ஹெர்னிங்கில் 2-1 என்று தோற்கடித்து, மறு ஆட்டத்தில் 5-1 என்று வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். அந்தப் பருவம் லீகில் மூன்றாம் இடம். அடுத்த பட்டத்துக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எளிய அணி என்ற சொல்லில் உங்கள் ஆட்சேபம் பாதி சரி. பின்னால் பணக்காரர் இருந்தார். ஆனால் எதிரே இருந்தது தலைநகரின் அணி. கோபன்ஹேகனோடு பணத்தில் போட்டிபோட முடியாது என்று தெரிந்துதான் அது விலை கொடுக்காத மூலையாகப் பார்த்துத் தேடினார்கள். அந்த அளவில் சொல்லை வைத்துக்கொள்கிறேன்.

ஹெர்ஃபோல்கே பற்றி மறுபேச்சில்லை. கோபன்ஹேகனுக்குத் தெற்கே கோயே நகரத்தை ஒட்டிய சின்ன ஊர். 1999-2000 இல் யாரும் எதிர்பாராமல் லீக் பட்டம். அந்தக் கோடையில் சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸிடம் இரண்டு ஆட்டத்திலும் 3-0 என்று தோல்வி. அந்தப் பருவ முடிவில் நடப்புச் சாம்பியனாகவே கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. 2009 இல் பக்கத்து அணியோடு இணைந்து ஹெச்பி கோயே ஆனது. இணைந்த கிளப்பின் ஆண்கள் அணி இன்னும் லீக் பட்டம் வெல்லவில்லை. பெண்கள் அணி 2020-21 இல் முதல் பட்டம் வென்றது. அதற்கடுத்த இரண்டு பருவங்களிலும் அதுவே வென்றது.