டிட்டி குரங்கு, மக்காவ் கிளி: காட்டில் இரண்டும் எப்படி வாழ்கின்றன?

ஒன்று குரங்கு, இன்னொன்று கிளி, இதில் ஒப்பிட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. இரண்டும் அமேசான் காட்டில் வாழ்பவை, எடையும் பல இனங்களில் ஏறக்குறைய 1 கிலோதான், இரண்டுமே ஜோடியை எளிதில் விடாதவை.

ஆனால் குடும்பம் நடத்தும் விதம் வேறு. டிட்டி ஜோடி கிளையில் ஒட்டி உட்கார்ந்து வாலோடு வாலைப் பின்னிக்கொள்ளும். விடிந்ததும் இரண்டும் சேர்ந்து குரல் கொடுத்து, இது எங்கள் இடம் என்று பக்கத்துக் குடும்பத்துக்குச் சொல்லிவிடும். குட்டியைப் பெரும்பாலும் சுமப்பது அப்பாதான், பால் குடிக்க மட்டும் அம்மாவிடம் போகும் (எனக்கு டிட்டியிடம் பிடித்ததே இதுதான்). மக்காவ் கிளியில் பெண் அடைகாக்க, ஆண் இரை கொண்டுவந்து ஊட்டும்.

டிட்டி சின்ன எல்லைக்குள்ளேயே பழம், இலை, பூச்சி என்று காலத்தை ஓட்டிவிடும். மக்காவ் அப்படியில்லை, உணவு தேடி வெகுதூரம் பறக்கும், கெட்டியான கொட்டையையும் அலகால் உடைத்துவிடும். பெரு நாட்டின் தம்போபாட்டா காட்டுப்பகுதியில் ஆற்றங்கரை மண்சுவரில் கூட்டமாகத் தொங்கிக்கொண்டு களிமண் தின்னும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் அந்தக் காட்டில் சோடியம் (உப்புச் சத்து) குறைவு, அதைக் களிமண்ணிலிருந்து பெறுகின்றன என்பதே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

அப்புறம் ஆபத்து. காடு அழிந்தால் இரண்டுக்கும் அடிதான், ஆனால் மக்காவுக்குக் கூடு வைக்கப் பெரிய மரப்பொந்து வேண்டும், அழகுக்காகப் பிடித்து விற்பவர்களும் அதிகம். ஸ்பிக்ஸ் மக்காவ் என்ற இனம் காட்டில் அற்றுப்போனதாக 2019-இல் அறிவிக்கப்பட்டு, 2022-இல்தான் வளர்ப்புப் பறவைகளைப் பிரேசிலில் திரும்ப விட்டார்கள்.