நொண்டவில்லை, தத்துகிறது: நாய் முட்டி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: டாக்டர், எங்கள் மூன்று வயது பொமரேனியன் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு தத்தும், அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். கத்துவதில்லை. ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து எல்லாம் சரி என்றார்கள். இன்னொரு இடத்தில் முட்டிச் சில்லு நகர்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். மாமியார், தைலம் போட்டு உருவினால் போதும் என்கிறார். யாரை நம்புவது?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மாமியாரை விட்டுவிடுங்கள் அம்மா, மற்ற இருவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். இந்தச் சின்ன நாய்க்கு முட்டிச் சில்லு ஒரு கொண்டைக்கடலை அளவுதான். தொடை எலும்பின் நுனியில் ஒரு பள்ளம் உண்டு. கால் மடங்கி நிமிரும்போது சில்லு அதற்குள்தான் மேலும் கீழும் ஓட வேண்டும். பொமரேனியன், டாய் பூடில், சிவாவா மாதிரி குட்டி ஜாதிகளில் பலவற்றுக்கு அந்தப் பள்ளம் ஆழமில்லை, காலின் அமைப்பும் கொஞ்சம் கோணல், அதனால் சில்லு உட்பக்கமாக வழுக்கிவிடும். வழுக்கியதும் காலைச் சரியாக நிமிர்த்த முடியாது, தூக்கிக்கொள்கிறது. பின்னால் ஒரு நீட்டு நீட்டினால் சில்லு டக்கென்று திரும்பி உட்காரும், மறுபடி ஓட்டம். நீங்கள் பார்ப்பது அநேகமாக இதுதான்.

படம் எடுத்த நேரத்தில் சில்லு அதன் இடத்தில் இருந்திருந்தால் எக்ஸ்ரே சுத்தமாகத்தான் வரும். இதைக் கண்டுபிடிப்பது விரல். ஒரு கையால் காலைப் பிடித்து நீட்டி, மடக்கி, பாதத்தை லேசாகத் திருப்பி, மறு கைக் கட்டைவிரலால் சில்லைத் தள்ளிப் பார்ப்போம். நழுவலை நாலு படிகளாகப் பிரிப்போம். முதல் படி என்றால் தள்ளினால் போகும், விட்டால் தானே வரும். இரண்டாம் படியில் அவ்வப்போது தானாகவே நழுவும். மூன்றில் பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும், தள்ளி உள்ளே கொண்டுவரலாம், நிற்காது. நாலில் தள்ளினாலும் வராது. உங்களுடையது இரண்டு என்று தோன்றுகிறது, ஆனால் தொட்டுப் பார்க்காமல் சொல்வது ஜோசியம்.

முதல் படிக்குக் கத்தி வேண்டாம். மூன்று, நாலுக்குப் பொதுவாக வேண்டும். தகராறு எல்லாம் இரண்டில்தான். மாதத்துக்கு ஒருமுறை தத்தினால் எடையைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கலாம். தினமும் தத்தினால் குருத்தெலும்பு தேய்ந்துகொண்டே போகும், செய்துவிடுங்கள் என்பேன். இரண்டு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள், கைப்பேசியில் வீடியோவும் எடுங்கள். கிளினிக்குக்கு வந்ததும் எல்லா நாயும் ஒழுங்காக நடக்கும்!

ஆபரேஷனில் பள்ளத்தை ஆழமாக்குவார்கள். மேலே இருக்கும் வழவழப்பான குருத்தெலும்பை இழக்கக் கூடாது என்பதால் அதோடு சேர்த்து ஆப்பு மாதிரி ஒரு துண்டை அறுத்து எடுத்து, அடியில் எலும்பைக் குறைத்து, அதே துண்டைத் திரும்ப உட்கார வைப்பார்கள். சில்லின் நாண் ஒட்டியிருக்கும் கீழ்க்கால் எலும்பு மேடு ஒதுங்கியிருந்தால் அதையும் வெட்டி நேராக நகர்த்தி மெல்லிய கம்பிகளால் பிடித்து வைக்க வேண்டும். எலும்பு கோணலாக இருக்க, தசையை மட்டும் இறுக்கித் தைத்து அனுப்பினால் சில்லு மறுபடி நழுவ வாய்ப்பு அதிகம். எந்த எலும்பைத் தொடப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

அப்புறம் ஆறிலிருந்து எட்டு வாரம், இதுதான் பெரிய வேதனை. கூண்டு அல்லது சின்ன அறை, வெளிக்குப் போகக் கயிற்றோடு மட்டும். சோபா கூடாது, மாடிப்படி கூடாது. நம் வீட்டு டைல்ஸ் தரை வேறு எண்ணெய் தடவியது போல வழுக்கும், பாயோ ரப்பர் விரிப்போ போடுங்கள். 'பாவம், குரைக்கிறது' என்று மூன்றாம் வாரம் திறந்துவிட்டுக் கம்பி நகர்ந்து திரும்ப வந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன். வலிக்கு நம் மாத்திரையைக் கொடுக்காதீர்கள், இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் கிட்னியையும் கெடுத்துவிடும். தைலத்தையும் நக்கிவிடும், அது போட்டுப் பள்ளமும் ஆழமாகாது.

கேள்வி: ஏழு வயது லாப்ரடோர், காடியிலிருந்து குதித்ததிலிருந்து பின்னங்காலை ஊன்றவில்லை. இதுவும் சில்லா?
- வாசகர், செந்தூல்

பதில்: இந்த வயதில், இந்த உடம்பில், முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டிப் பிடிக்கும் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கும் என்பதுதான் முதல் சந்தேகம். அறுந்திருந்தால், தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுக்கும்போது மேஜை டிராயர் போல நகரும். மயக்க ஊசி போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கனமான நாய்களுக்குக் கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியை வளைவாக அறுத்துத் திருப்பி, சரிவைக் குறைத்துத் தகடு வைக்கும் முறையைத்தான் நான் விரும்புவேன். செலவு ஆயிரக்கணக்கான வெள்ளி. பல நாய்களுக்கு மற்ற காலும் பின்னால் இதே போல அறுகிறது, அதனால் எடையை இன்றைக்கே குறையுங்கள்.

கேள்வி: சில்லு ஆபரேஷன் செய்த பெண் நாயைக் குட்டி போட விடலாமா?
- வாசகி, ஜெலுத்தோங்

பதில்: வேண்டாம். கத்தி காலைச் சரிசெய்தது, பரம்பரையை அல்ல.